48 கேபி ஸ்பெக்ட்ரத்தில் புரோகிராம் ஓடவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

லேப்டாப்பில் சி மொழியில் எழுதி, இசட்88டிகே என்ற கம்பைலர் தொகுப்பு கொண்டு கம்பைல் செய்து, 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில் ஏற்றி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து என்னிடம் வரும் பெட்டிகளில் சில வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவை, சில 80-களில் இந்தியாவில் டெசிபெல்ஸ் விற்ற ஸ்பெக்ட்ரம் பிளஸ். பெட்டி எதுவானாலும் புகார் ஒன்றுதான்: "அண்ணே, லேப்டாப்புல நல்லா ஓடுது, பெட்டியில ஏத்தினா நிக்குது." அதற்குக் காரணம் பத்துப் பன்னிரண்டு இருக்கும். காசு செலவில்லாத காரணத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே முடிந்துவிடும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த இரண்டு

பெட்டியைப் போட்டதும் அதிலேயே இருக்கும் பேசிக் மொழியில் 'பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733' என்று அடியுங்கள். 65535 வந்தால் பெட்டி தன் 48 கேபியையும் பார்க்கிறது. 32767 வந்தால் மேல் 32 கேபி இல்லை, அல்லது செத்துவிட்டது. நடுவில் வேறு ஏதாவது எண் வந்தால் அந்த இடத்தில் ஒரு ரேம் சில்லு தகராறு செய்கிறது. 65535 வராவிட்டால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள், உங்கள் புரோகிராமைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டாவது, நன்றாக ஓடும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு சின்ன புரோகிராமை அதே வழியில், அதே கேபிளில் ஏற்றிப் பாருங்கள். மேல் நினைவகத்தில், அதாவது 32768-இல், ஏறி ஒரு வரி அச்சிட்டால் போதும். அது ஓடினால் கோளாறு உங்கள் கோடில். ஓடாவிட்டால் கேபிளிலோ பெட்டியிலோ. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுக் கோடை நோண்டுவதில்தான் அதிக நேரம் வீணாகிறது.

## அறிகுறி: ஏறவே மாட்டேன் என்கிறது

'லோட்' கொடுத்தபின் திரையின் ஓரத்தைக் கவனியுங்கள்.

ஓரம் சிவப்பும் நீலப்பச்சையுமாக மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறது, கோடுகள் இல்லை. சத்தம் பெட்டிக்குள் போகவில்லை. இயர் துளையில்தான் குத்தியிருக்கிறீர்களா, பக்கத்தில் இருக்கும் மைக் துளையிலா என்று பாருங்கள். அப்புறம் ஒலியளவு. இப்போதைய போன்கள் பலவற்றின் ஹெட்போன் ஒலி இந்தப் பெட்டிக்குப் போதாது, முழுசாக வைத்தும் வராவிட்டால் நடுவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கேபிள் மோனோவாக இருப்பது நல்லது. மைக் உள்ள நான்கு முனைப் பிளக்கை நேராகக் குத்தினால் தொடர்புகள் இடம் மாறிவிடும்.

தடித்த சிவப்பு-நீலப்பச்சைக் கோடுகள் வருகின்றன, அப்புறம் பெயர் வரவில்லை. சத்தம் கேட்கிறது, ஆனால் உருக்குலைந்திருக்கிறது. ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், 'ஒலி மேம்பாடு' எல்லாவற்றையும் அணையுங்கள். கோப்பு வேவ் வடிவில் இருக்க வேண்டும். நண்பர் வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பியதை ஓட்டினால் ஏறாது, வழியில் அது சுருக்கப்பட்டிருக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பாதி தூரம் நீல-மஞ்சள் மெல்லிய கோடுகள் ஓடிவிட்டு 'ஆர் டேப் லோடிங் எரர்'. நடுவில் ஒரு பிட் தவறினாலே இது வரும். போனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள், லேப்டாப்பில் அறிவிப்புச் சத்தங்களை நிறுத்துங்கள். ஒலியளவை ஒரு படி கூட்டியும் குறைத்தும் பாருங்கள். முழு 48 கேபி ஏற 5 நிமிடம் போல ஆகும் என்பதால், வாரக்கணக்கில் சோதிக்கப் போகிறவர்கள் எஸ்டி கார்டு போடும் டிவ்எம்எம்சி வாங்கிக்கொள்வது நல்லது. இந்தப் பொழுதுபோக்கில் காசு கொடுத்து வாங்கத் தகுந்த முதல் பொருள் அதுதான் என்பது என் கருத்து.

## அறிகுறி: முழுதாக ஏறுகிறது, ஓட ஆரம்பித்ததும் சின்கிளேர் வாசகம் வந்துவிடுகிறது

பெட்டியைப் போட்டதும் வரும் வாசகம் அது, அதாவது பெட்டி ரீசெட் ஆகிறது. வரிசையாகப் பாருங்கள்.

1. கம்பைல் செய்தபோது கொடுத்த தொடக்க முகவரியும், பேசிக் லோடரில் 'யூஎஸ்ஆர்' பக்கத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா? கையால் லோடர் எழுதுகிறவர்களிடம் இதுதான் அடிக்கடி. இசட்88டிகே தானே டேப் கோப்பை உருவாக்க விட்டுவிடுங்கள், அது லோடரையும் சரியாக எழுதிவிடும்.

2. 'கிளியர் 32767' போல, தொடக்கத்துக்கு ஒன்று குறைவான எண் லோடரில் இருக்கிறதா? இல்லாவிட்டால் பேசிக்கின் ஸ்டாக் (திரும்பும் முகவரிகளை அடுக்கிவைக்கும் இடம்) உங்கள் கோடின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

3. பிராசசருக்குள் இருக்கும் ஐஒய் ரெஜிஸ்டர். ஸ்பெக்ட்ரத்தின் ரோம் (பேசிக் பதிந்திருக்கும் நிரந்தர நினைவகம்) இன்டரப்ட்டின்போது, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் வரும் குறுக்கீட்டின்போது, அதில் 23610 இருக்கும் என்று நம்பி வேலை செய்கிறது. உங்கள் அசெம்பிளித் துண்டோ கம்பைலரோ அதை மாற்றினால், நினைவகத்தில் கண்ட இடத்தில் எழுதப்படும். ஐஒய்-ஐத் தொடாதே என்று எஸ்டிசிசி கம்பைலருக்குச் சொல்லும் விருப்பம் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

4. ஓடி முடித்து பேசிக்குக்குத் திரும்பும்போது மட்டும் ரீசெட் ஆகிறதென்றால், மாற்று எச்எல் ரெஜிஸ்டர் ஜோடியைப் பாருங்கள். திரும்பும்போது அதில் 10072 இருக்க வேண்டும். அசெம்பிளியில் 'எக்ஸ்எக்ஸ்' கட்டளையைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் சேமித்து, கடைசியில் திருப்பி வையுங்கள்.

நான்கும் சரி, இன்னும் ரீசெட் ஆகிறது என்றால் பெட்டியின் பின்புற இணைப்பை ஆட்டாமல் ஓட்டிப் பாருங்கள். டிவ்எம்எம்சி லேசாக அசைந்தாலே ரீசெட் ஆகும்.

## அறிகுறி: எமுலேட்டரில் சரி, நிஜப் பெட்டியில் மட்டும் தப்பு

எமுலேட்டர் என்பது லேப்டாப்பில் ஸ்பெக்ட்ரம் போல நடிக்கும் புரோகிராம். என்னிடம் அதிகம் வருவது இதுதான். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

யாரும் எதையும் அழுத்தவில்லை, ஆனால் 'கீ அழுத்தப்பட்டது' என்கிறது. அல்லது கீயை எடுக்கவே இல்லை. கீபோர்டைப் படிக்கும் போர்ட் 254-இல் வரும் எண்ணை முழுசாக ஒப்பிட்டிருப்பீர்கள். கீ எதுவும் அழுத்தாதபோது இஷ்யூ 2 என்ற பழைய பதிப்புப் போர்டில் 255 வரலாம், இஷ்யூ 3-இல் 191 வரலாம். கேசட் துளையிலிருந்து வரும் பிட் இதில் கலந்திருப்பதுதான் காரணம். கீழ் ஐந்து பிட்கள்தான் கீபோர்டு. 31 உடன் 'ஆண்ட்' செய்து, வந்ததை 31 உடன் ஒப்பிடுங்கள். இரண்டு பெட்டியிலும் சரியாக ஓடும்.

ஹீரோ தானாகவே ஓடுகிறான், சுடுகிறான். கெம்ப்ஸ்டன் ஜாய்ஸ்டிக்குக்காகப் போர்ட் 31-ஐப் படிக்கிறீர்கள், ஆனால் பெட்டியில் ஜாய்ஸ்டிக் இணைப்பே கிடையாது. அப்போது 255-ம், நடுநடுவே திரை நினைவகத்தின் எச்சங்களும் வரும். ஆட்டம் தொடங்கும்போது சில ஃபிரேம்கள் தொடர்ந்து படியுங்கள். இடதும் வலதும் ஒரே நேரத்தில் அழுத்தியதாக ஒரு தடவை வந்தால்கூட ஜாய்ஸ்டிக் இல்லை என்று முடிவு செய்து, அதை அணைத்துவிடுங்கள். மெனுவில் ஆடுகிறவரே தேர்ந்தெடுக்கும்படி வைத்தால் இன்னும் நல்லது.

ஏதாவது இணைப்பை மாட்டினால் மட்டும் தொங்குகிறது. இன்டரப்ட் மோடு 2 பயன்படுத்துகிறீர்களா? அதற்கான முகவரி அட்டவணை 256 பைட்டாக இருந்தால் போதாது, 257 வேண்டும், எல்லாப் பைட்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். பஸ்ஸில் (சில்லுகளை இணைக்கும் பொதுத் தடத்தில்) 255 தான் வரும் என்று நம்பி ஒரே ஒரு முகவரியை மட்டும் நிரப்பியவர்களின் புரோகிராம், வெறும் பெட்டியில் ஓடும், இணைப்பு மாட்டினால் விழும்.

திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாகப் பனி கொட்டுகிறது. அந்த அட்டவணை இருக்கும் இடத்தைச் சொல்லும் ஐ ரெஜிஸ்டரில் 64-க்கும் 127-க்கும் இடைப்பட்ட எண்ணை வைத்திருக்கிறீர்கள். அட்டவணையை 32768-க்கு மேலே கொண்டுபோங்கள். பல எமுலேட்டர்கள் இந்தப் பனியைக் காட்டுவதில்லை, அதனால்தான் லேப்டாப்பில் தெரியவில்லை.

## அறிகுறி: கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தொங்குகிறது, அல்லது திரையில் குப்பை

எப்போதும் ஒரே செயலில் தொங்குகிறதா, அல்லது நேரம் ஆக ஆக எங்கே வேண்டுமானாலும் தொங்குகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே செயலில் என்றால் ஸ்டாக்கைச் சந்தேகப்படுங்கள். ஃபங்ஷனுக்குள் பெரிய அரேயை அறிவித்திருப்பீர்கள், அல்லது தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன் இருக்கும். வண்ணம் நிரப்பும் ஃபிளட் ஃபில்லை அப்படி எழுதியவர்கள் எல்லோருக்கும் இது வந்திருக்கும். சோதிப்பது சுலபம்: புரோகிராம் தொடங்கும்போது ஸ்டாக்குக்குக் கீழே உள்ள காலி இடத்தை 170 என்ற எண்ணால் நிரப்புங்கள். நன்றாக ஆடிவிட்டு எத்தனை 170 மிச்சம் என்று பாருங்கள். ஒன்றும் மிச்சமில்லை என்றால் ஸ்டாக் உங்கள் டேட்டாவைத் தின்றுவிட்டது. அரேயை ஃபங்ஷனுக்கு வெளியே எடுத்து 'ஸ்டாடிக்' ஆக்குங்கள், அழைப்பைச் சுற்றாக மாற்றுங்கள்.

எங்கே வேண்டுமானாலும் என்றால் மல்லாக், அதாவது ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்கும் சி ஃபங்ஷன். எதிரி பிறக்கும்போது எடுத்து, சாகும்போது விடுவித்துக்கொண்டே இருந்தால், இத்தனை சின்ன நினைவகத்தில் காலி இடம் துண்டு துண்டாகிவிடும். மொத்தத்தில் 2 கேபி இருந்தும் 200 பைட் சேர்ந்தாற்போல் கிடைக்காது. எதிரி அதிகபட்சம் எட்டுப் பேர் என்றால் எட்டு இடமுள்ள அரே போதும், 'உயிருடன் இருக்கிறானா' என்று ஒரு பைட். இந்தப் பெட்டியில் நான் மல்லாக்கை அனுமதிப்பதே இல்லை.

நன்றாக ஓடிய, மற்றவர்கள் எழுதிய ஆட்டமும் அரை மணி நேரத்தில் தொங்குகிறதா? அது சூடு. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: முதல் தடவை சரி, வெளியே வந்து மறுபடி ஓட்டினால் தப்பு

தொடக்க மதிப்பு கொடுத்த குளோபல் மாறிகள்தான் காரணம். 'உயிர் = 3' என்று எழுதியது கோப்போடு ஏறிய எண். ஆட்டத்தில் அது 0 ஆனால் மறுபடி ஓட்டும்போதும் 0 தான், யாரும் திருப்பி 3 ஆக்குவதில்லை. புது ஆட்டம் தொடங்கும் ஃபங்ஷன் ஒன்று எழுதி, எல்லாவற்றையும் அங்கே நிரப்புங்கள்.

## அறிகுறி: ஸ்கோர் திடீரென்று மைனஸில் போகிறது

இங்கே இன்ட் 16 பிட். 32767-ஐத் தாண்டினால் மைனஸ். 200-ஐ 200-ஆல் பெருக்கினாலே தாண்டிவிடும். 'அன்சைன்ட்' போட்டால் 65535 வரை போகும். அதற்கும் மேல் ஸ்கோர் வேண்டுமென்றால், கடைசி இலக்கத்தில் எப்போதும் பூஜ்யத்தை அச்சிட்டுவிட்டு மீதியை மட்டும் எண்ணுங்கள். 'லாங்' எடுத்தால் வேலை நடக்கும், ஆனால் வேகமும் இடமும் போகும்.

## அறிகுறி: இடம் போதவில்லை

48 கேபியில் திரைக்கே 6912 பைட் போகிறது. 32768-இல் தொடங்கினால் உங்கள் கையில் 32 கேபி. குறைக்கும் வரிசை:

பிரிண்ட்எஃப்-ஐ எடுங்கள், குறிப்பாகத் தசம எண் அச்சிடும் வகையை. எண் அச்சிட ஒரு சின்ன ஃபங்ஷன் நீங்களே எழுதலாம். ஃபுளோட் (தசம எண் வகை) எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று, எது எந்த முகவரியில் என்று கம்பைலர் எழுதித்தரும் மேப் கோப்பில் தேடுங்கள், ஒரே ஒரு வரி முழு நூலகத்தையும் இழுத்துவந்திருக்கும். மேப் கோப்பைப் படிக்கப் பழகிக்கொண்டால் எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் என்று ஊகிக்கவே வேண்டாம்.

அடுத்தது, தொடக்கப் படத்தையும் லெவல் வரைபடங்களையும் ஐனார் சவுகாஸ் எழுதிய இசட்எக்ஸ்0 என்ற சுருக்கும் கருவி கொண்டு சுருக்குங்கள். விரிக்கும் ரொட்டீன் நூறு பைட்டுக்கும் குறைவு.

இன்னும் போதாவிட்டால் தொடக்கத்தை 25000 பக்கம் இறக்குங்கள், 7 கேபிக்கு மேல் கிடைக்கும். ஆனால் 32768-க்குக் கீழே உள்ள 16 கேபியைத் திரைச் சில்லும் பங்குபோடுகிறது, அங்கே ஓடும் கோடு தாமதமாகும். மெனு, எழுத்து, வரைபடம் கீழே இருக்கட்டும், ஸ்ப்ரைட் வரைவது மேலே.

பிபிசி மைக்ரோ என்ற அதே காலத்துக் கணினி வைத்திருப்பவர்களுக்கு விடை இதைவிடச் சுருக்கம்: 32 கேபியில் மோடு 2 திரையே 20 கேபி. எழுத்துத் திரை போதுமென்றால் மோடு 7-க்கு மாறுங்கள், அது 1 கேபிதான் எடுக்கும்.

## அறிகுறி: தமிழில் எழுதினால் 'எல்பிரிண்ட் வால்' என்று வருகிறது

லேப்டாப்பில் 'க' என்று தட்டச்சு செய்தால் யூடிஎஃப்-8-இல் அது மூன்று பைட்: 224, 174, 149. ஸ்பெக்ட்ரத்தின் ரோமில் 165 முதல் மேலே எல்லாம் பேசிக் சொற்கள். 224 என்றால் எல்பிரிண்ட், 174 என்றால் வால் டாலர். 149 பயனர் வரையும் எழுத்துகளில் ஆறாவது, வரையாமல் விட்டால் எஃப் போலத் தெரியும். பெட்டி கெடவில்லை, சொன்னதை அப்படியே அச்சிடுகிறது.

பயனர் வரையும் எழுத்து 21 தான், தமிழுக்குப் பற்றாது. 8-க்கு 8 கட்டத்தில் 'ணை'-யோ 'ஞூ'-வோ படிக்கும்படி வராது, 16-க்கு 16 வேண்டும், ஓர் எழுத்துக்கு 32 பைட். 247 எழுத்தையும் வரைந்தால் 7904 பைட். அவ்வளவு கொடுக்க முடியாது.

நான் சொல்லிக்கொடுப்பது இப்படி: உயிர் 12, ஆய்தம் 1, அகர மெய் 18, உகர ஊகாரம் 36, கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொக்கி, இ, ஈ விசிறி, புள்ளி என்று 7. 'டி', 'டீ' இரண்டையும் தனியாக வரையுங்கள், விசிறியை 'ட' மேல் ஒட்டினால் அசிங்கமாக இருக்கும். மொத்தம் 76, அதாவது 2432 பைட். ஒகர வரிசைக்குக் கொம்பும் காலும், ஔகாரத்துக்குக் கொம்பும் 'ள'-வும். புள்ளியையும் விசிறியையும் முந்தைய எழுத்தின் மேல் 'ஆர்' செய்து ஒட்ட வேண்டும்.

ஒவ்வொரு வடிவுக்கும் ஒரு பைட் எண் கொடுத்துவிடுங்கள். 'கன்னியாகுமரி' யூடிஎஃப்-8-இல் 36 பைட், இப்படி எழுதினால் 11. மாற்றும் வேலையை லேப்டாப்பில் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் செய்யட்டும், பெட்டிக்கு எண்கள் மட்டும் போகட்டும். எழுத்துக் கதை, வினாடி வினா எழுதுகிறவர்களுக்கு இதில் கிடைக்கும் இடம் மற்ற எல்லாச் சிக்கனத்தையும்விட அதிகம். அம்மாவும் ஆச்சியும் படிக்கிற மாதிரி இந்தத் திரையில் தமிழ் வந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விளக்கம்.

## அறிகுறி: மெதுவாக, வெட்டி வெட்டி ஓடுகிறது

முழுத் திரையையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வரைகிறீர்களா? ஒரு ஃபிரேமில் கிடைப்பது 69888 டி-ஸ்டேட் (பிராசசரின் கடிகாரத் துடிப்பு). பைட்களை நகலெடுக்கும் எல்டிஐஆர் கட்டளை ஒரு பைட்டுக்கு 21 எடுக்கும், 6912 பைட்டுக்கு 145152. இரண்டு ஃபிரேம் போதாது. மாறிய இடத்தை மட்டும் வரையுங்கள்.

வரைந்தும் மெதுவென்றால் பெருக்கல் வகுத்தலைத் தேடுங்கள். பெட்டியின் பிராசசரான இசட்80-க்குப் பெருக்கல் கட்டளையே கிடையாது. திரை வரிகளின் முகவரியைக் கணக்குப் போடாமல் 192 எண்கள் கொண்ட அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள், 384 பைட்டில் முடிந்துவிடும்.

## அறிகுறி: பெட்டியே சரியில்லை

புரோகிராம் எதுவும் ஏற்றாமலே திரையில் நெடுக்குக் கோடுகள், கட்டம் கட்டமாகக் குப்பை, அல்லது முதல் சோதனையில் 65535 வரவில்லை.

முதலில் அடாப்டர். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். கடையில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், அப்படியே குத்தினால் பெட்டி போய்விடும். மல்ட்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் குத்த வேண்டும். பழைய அடாப்டரைச் சுமையில்லாமல் அளந்தால் 9-ஐவிட நன்றாகவே கூடக் காட்டும், அது கோளாறல்ல.

அடுத்தது பின்புற எட்ஜ் கனெக்டர், அதாவது இணைப்புகளை மாட்டும் இடம். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று படும் வீடுகளில் இதுதான் முதல் சந்தேகம். அடாப்டரைக் கழற்றிவிட்டு, மொபைல் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். மழைக் காலத்தில் பெட்டியை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது. பெட்டி ஓடும்போது எந்த இணைப்பையும் மாட்டவோ கழற்றவோ கூடாது. போர்டில் மின்சாரம் தரும் பகுதியில் உள்ள டிஆர்4 டிரான்சிஸ்டரும் கீழ் ரேமும் சாவது பெரும்பாலும் அப்படித்தான். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

இதுவரை நீங்களே செய்யலாம். இதற்கு மேல் மெக்கானிக். 7805 ரெகுலேட்டரிலிருந்து 5 வோல்ட் வரவில்லை, நெடுக்குக் கோடுகள் போகவில்லை, 65535 வரவில்லை, சூடானதும் தொங்குகிறது: இந்த நான்கில் எது இருந்தாலும் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்காதீர்கள். பழைய கலர் டிவி சரிசெய்த மெக்கானிக் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தேடினால் கிடைப்பார், அவருக்கு இந்தப் போர்டு கஷ்டமில்லை.

அவரிடம் சொல்ல வேண்டியது: கீழ் 16 கேபியில் இருப்பது எட்டு 4116 சில்லுகள், அவற்றுக்கு மூன்று வோல்ட்டேஜ். பின் 1-இல் மைனஸ் 5, பின் 8-இல் 12, பின் 9-இல் 5, பின் 16 கிரவுண்ட். மைனஸ் 5 இல்லாமல் ஓட்டினால் சில்லுகள் எல்லாம் போய்விடும், அதனால் புதுச் சில்லு போடுமுன் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். போர்டின் செம்புத் தடங்கள் சீக்கிரம் உரிந்துவிடும், சில்லைக் கால் காலாக வெட்டி எடுத்துவிட்டு சாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். 4116 கிடைக்காவிட்டால் ஒரே 5 வோல்ட்டில் ஓடும் மாற்றுப் பலகைகள் வருகின்றன, அதை நீங்களே வரவழைத்துக் கொடுக்கலாம். பெட்டியோடு அடாப்டரையும், முதல் சோதனையில் வந்த எண்ணை ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிடுங்கள். எந்த வரிசைச் சில்லில் தேட வேண்டும் என்று அந்த எண்ணை வைத்தே அவர் ஆரம்பித்துவிடுவார்.